தூர்வாரிய சேற்றைக் கட்டட நிலமாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலிலும் துறைமுகக் கால்வாயிலும் தோண்டியெடுத்த சேற்றைக் கொட்டி, அதிலுள்ள தண்ணீரை வடித்து, இறுகவைத்து, கட்டடம் தாங்கும் நிலமாக்குகிற வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பெரும்பாலும் சிங்கப்பூரில். ஊருக்குப் போகும்போது உறவினர்கள், சிவில் படிக்கிற பிள்ளைகள், மனை வாங்கப் போகிறவர்கள் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கடலடியிலிருந்து எடுப்பதெல்லாம் சேறுதானா?

இல்லை. எங்கே உறிஞ்சுகிறோம் என்பதைப் பொறுத்தது. மணல் படுகையில் உறிஞ்சினால் மணல் வரும். மணல் கொட்டிய கையோடு தண்ணீரை விட்டுவிடும். சில நாளில் அதன் மேல் புல்டோசர் ஓட்டலாம். அப்புறம் அதிர்வு கொடுத்து நெருக்கினால் போதும். கொழும்புத் துறைமுக நகரத்தின் 269 ஹெக்டேரும் இப்படிக் கடல் மணலைக் கொட்டி எழுப்பியதுதான்.

துறைமுகக் கால்வாயை ஆழப்படுத்தும்போதும் ஆற்று முகத்துவாரத்தில் தூர்வாரும்போதும் வருவது பெரும்பாலும் களிமண். அதைக் குழாயில் தள்ள வேண்டுமானால் தண்ணீர் கலந்து கரைத்துத்தான் தள்ள முடியும். மறுமுனையில் வந்து விழுவதில் பத்துக்கு எட்டு, ஒன்பது பங்கு தண்ணீர். பார்க்கக் கஞ்சி மாதிரி இருக்கும். இப்படி ஆளை இழுக்கும் சேற்றுக்குத் தமிழில் உளை என்று ஒரு நல்ல சொல் உண்டு. இந்தப் பக்கம் முழுக்க இந்த உளையைப் பற்றித்தான்.

இவ்வளவு தொல்லை எதற்கு? மணலையே கொட்டிவிடலாமே?

மணல் கிடைத்தால் எல்லோரும் அதைத்தான் கொட்டுவார்கள். சிங்கப்பூரின் பரப்பு 1960களில் சுமார் 581 சதுர கிலோமீட்டர். இன்று 730-க்கும் மேல். கூடிய நிலத்தில் பெரும்பகுதி மணலால் வந்தது. அந்த மணலைக் கொடுத்த அண்டை நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. 1997-ல் மலேசியாவும் 2007-ல் இந்தோனேசியாவும் மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. மணல் அள்ளிய கரையும் கடலடியும் என்ன ஆகும் என்பதை நம் ஆறுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பக்கம், கப்பல் வழியை ஆழப்படுத்தும் சேறும் சுரங்க ரயிலுக்குத் தோண்டும் மண்ணும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கொட்டவும் இடம் வேண்டும். இரண்டையும் முடிச்சுப் போட்டதுதான் சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகம். அதன் முதல் கட்டத்துக்குக் கடலை நிலமாக்கும் வேலை 2021-ல் முடிந்தது. 221 கான்கிரீட் பெட்டிகளை இறக்கிக் கடலுக்கு வேலி கட்டி, உள்ளே நிரப்பிய மண்ணில் பாதிக்கும் மேல் தூர்வாரியதும் வேறு வேலைகளில் தோண்டியதும்தான். கழிவு என்று கடலில் கொட்டியிருக்க வேண்டியது நிலமானது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இதுதான்.

சேற்றை வெயிலில் விட்டால் தானாகக் காய்ந்துவிடாதா?

மேல்தோல் காயும். கிணறு தூர்வாரிக் கரையில் போட்ட சேறு ஒரு வாரத்தில் ஓடு ஓடாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வைத்துத்தான் இந்தக் கேள்வி வருகிறது. கிணற்றடிச் சேறு ஒரு முழ உயரம். நாங்கள் பார்ப்பது 5 மீட்டர், 10 மீட்டர், சில இடங்களில் 20 மீட்டர். மேலே ஓடு கட்டியதும் வெயில் உள்ளே போகாது. ஓட்டுக்குக் கீழே பல ஆண்டு கழித்தும் அதே கஞ்சி இருக்கும். ஆபத்தும் அங்கேதான்: காய்ந்த தரை என்று நம்பி நடந்தவர் ஓட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். சேற்றுக் குளங்களைச் சுற்றி வேலி போடுவது இதனால்தான். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

ஏன் காயவில்லை என்பதற்கு வருவோம். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து கெட்டியாகும். மேலே ஒரு கல்லை வைத்து அழுத்தினால் சீக்கிரம் வடியும். சேறும் அப்படித்தான். ஆனால் களிமண் துகள்களுக்கு இடையிலுள்ள துளை மிக மிகச் சிறியது. தண்ணீர் அதில் ஊர்ந்துதான் போக முடியும். சேற்றின் மேல் மணலைக் கொட்டிய அன்று அந்த எடையைத் தாங்குவது மண் துகள் இல்லை, இடையில் மாட்டிக்கொண்ட தண்ணீர். தண்ணீர் வெளியேற வெளியேறத்தான் எடை துகள்களுக்குக் கைமாறும், துகள்கள் நெருங்கும், மண் வலுப்பெறும். இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் கார்ல் டெர்சாகி, 1920களில், இஸ்தான்புல்லில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில்.

அவருடைய கணக்கில் ஒரு விஷயம் மட்டும் பிடிபட்டால் இந்தத் தொழிலே பிடிபட்டுவிடும். தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். 20 மீட்டர் களிமண், மேலும் கீழும் வெளியேற வழி, இறுகும் வேகத்தைக் காட்டும் எண் ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 90 விழுக்காடு இறுக சுமார் 85 ஆண்டு. அதுவே 10 மீட்டர் என்றால் 21 ஆண்டு. எந்த ஊர்க் காண்ட்ராக்டரும் 21 ஆண்டு காத்திருக்க மாட்டார். மண்ணின் துளையை நாம் பெரிதாக்க முடியாது. தூரத்தைக் குறைக்கலாம். அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது.

செடி வளர்த்துக் காய வைக்க முடியாதா?

நெதர்லாந்தில் செய்தார்கள். ஃபிளேவோலாந்தில் ஏரித் தண்ணீரை இறைத்ததும் வெளிப்பட்ட சேற்றில் விமானத்திலிருந்து நாணல் விதை தூவினார்கள், 1950, 60களில். வேர்கள் தண்ணீரை உறிஞ்ச, மண் வெடிக்க, வெடிப்பு வழியே காற்று இறங்க, மெல்ல மெல்ல நிலம் பழுத்தது. உழவுக்கு அது அருமையான வழி. வேர் எட்டும் ஆழத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்பதால் கட்டட நிலத்துக்கு இது முதல் படி மட்டுமே.

வடிகால் பட்டை, பிவிடி என்கிறார்களே, அது என்ன?

சேற்றுக்குள் செங்குத்தாக இறக்கும் ஒரு நீளமான நாடா. 10 சென்டிமீட்டர் அகலம், அரை சென்டிமீட்டருக்கும் குறைந்த கனம். நடுவில் வரிவரியாகப் பள்ளம் உள்ள பிளாஸ்டிக், அதைச் சுற்றி மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் வடிதுணி. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நாற்று நட்ட மாதிரி தளம் முழுக்க இறக்குவோம். இறக்கும் இயந்திரத்தில் உயரமான கோபுரமும் மேண்ட்ரல் என்ற இரும்புக் குழலும் இருக்கும். குழல் நாடாவைக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு வெறுங்கையோடு மேலே வரும். நாடாவின் அடி முனையில் ஒரு தகட்டைக் கட்டியிருப்போம். அது சேற்றில் மாட்டிக்கொண்டு நாடாவைத் திரும்பி வர விடாது. பழகிய ஆள் ஓட்டினால் ஒரு பட்டை இறக்க ஓரிரு நிமிடம்.

இதனால் என்ன லாபம்? முன்பு 10 மீட்டர் மேலேயோ கீழேயோ போக வேண்டியிருந்த தண்ணீர் இப்போது பக்கவாட்டில் அரை மீட்டர் போனால் போதும், பட்டையைப் பிடித்துவிடும். அதற்குள் நுழைந்ததும் சடசடவென்று மேலேறி, சேற்றின் மேல் முன்பே பரப்பிய மணல் விரிப்புக்கு வந்துவிடும். மேலே 85 ஆண்டு என்று சொன்ன அதே களிமண்ணில் ஒரு மீட்டர் இடைவெளியில் பட்டை இறக்கினால் சுமார் ஒன்றேகால் ஆண்டில் 90 விழுக்காடு இறுகிவிடும். குழல் இறங்கும்போது சுற்றியுள்ள களிமண்ணைக் குழப்பித் துளைகளை அடைத்துவிடும். அந்தச் சேதத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

முதல் பட்டைகள் பிளாஸ்டிக்கில் வரவில்லை. சுவீடனைச் சேர்ந்த வால்டர் ஷெல்மான் காகித அட்டையில் செய்தார். இன்றைய பட்டையின் அகலம்கூட அவர் வைத்ததுதான். எனக்கு அதைவிடப் பிடித்தது 1980களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான நார்ப் பட்டை. நான்கு தேங்காய் நார்க் கயிறுகளை வைத்துச் சணல் துணியால் சுற்றியது. கயிற்று இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறும். மண் இறுகி வேலை முடிந்தபின் பட்டை மட்கி மண்ணோடு போய்விடும். இப்போது கோடிக்கணக்கான மீட்டர் பிளாஸ்டிக்கை நிலத்துக்குள் நிரந்தரமாக விட்டுவிட்டு வருகிறோம். கயிறு திரிக்கும் ஊர்களில் பிறந்த எஞ்சினியர்கள் அந்த நார்ப் பட்டையை மறுபடி கையிலெடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

கால் வைத்தால் முழுகும் சேற்றில் அந்தப் பெரிய இயந்திரம் எப்படி ஏறுகிறது?

இந்த வேலையில் மிகக் கடினமான கட்டம் இது. பாடப்புத்தகம் இதைச் சில வரியில் தாண்டிவிடும். தளத்தில் மாதக்கணக்கில் ஓடும்.

சிங்கப்பூரின் சாங்கி கிழக்கில் 1990களின் தொடக்கத்திலிருந்து சுமார் 2,000 ஹெக்டேர் கடலை நிலமாக்கினார்கள். அங்கே கொட்டிய மணல் 27 கோடி கனமீட்டருக்கும் மேல். இறக்கிய வடிகால் பட்டையின் மொத்த நீளம் 14 கோடி மீட்டர், அதாவது பூமியை மூன்று சுற்றுக்கும் மேல் சுற்றலாம். அதற்குள்ளேயே சுமார் 180 ஹெக்டேரில் ஒரு சேற்றுக் குளம் இருந்தது. கிழக்குப் பகுதிக் குவாரிகளில் மணல் கழுவிய அழுக்குத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் வந்து படிந்த இடம். சில இடங்களில் சேற்றின் ஆழம் 20 மீட்டர். வலிமை என்று சொல்லவே எதுவும் கிடையாது.

அங்கே லாரியில் மணலைக் கொண்டுபோய்க் கொட்டினால் என்ன ஆகும்? மணல் மூழ்கும், சேறு பக்கத்தில் பிதுங்கி எழும். அதனால் மணலைத் தண்ணீரில் கலந்து, மிதக்கும் தெளிப்பான் வழியே மழை தூறுவதுபோல 20 சென்டிமீட்டர் கனத்துக்குத் தூவினார்கள். ஓர் அடுக்கு போட்டு, பொறுத்திருந்து, அடுத்த அடுக்கு. அப்படிச் செய்தும் ஓரிடத்தில் சேறு மணலைப் பிளந்துகொண்டு பொங்கிவிட்டது. பிறகு வலுவான செயற்கை இழைத் துணியை ஒன்றோடொன்று தைத்து, பல ஏக்கருக்கு ஒரே விரிப்பாக்கி, பொங்கிய பகுதியின் மேல் இழுத்துப் பரப்பி, மறுபடி மணல் தூவினார்கள். துணி எடையைப் பரவலாக்கியது, சேறு அடங்கியது.

அப்புறம் பட்டை இறக்குவதையும் இரண்டு தவணையாகச் செய்ய வேண்டி வந்தது. சேறு மீட்டர் கணக்கில் அமுங்கும்போது உள்ளே இருக்கும் பட்டையும் மடங்கி நசுங்கும். தண்ணீர் போகும் வழி அடைபடும். முதலில் அகல இடைவெளியில் ஒரு வரிசை, பாதி அமுங்கிய பிறகு அவற்றின் நடுவே இன்னொரு வரிசை. செலவு இரட்டிப்புதான். ஆனால் கஞ்சியாக இருக்கும் சேற்றில் ஒரே தவணையில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் அந்தச் சேற்றில் வேலை செய்ததில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதே சாங்கியின் தெற்குப் பக்கம் 1980களில் வேறொரு வழியைச் சோதித்தார்கள். சுமார் 40 ஹெக்டேரில் சேறு ஓர் அடுக்கு, மெல்லிய மணல் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். இடையில் உள்ள மணலே வடிகாலாகிவிடும், வடியும் தூரம் குறையும். தூரத்தைக் குறைப்பது என்ற அதே யோசனை, இம்முறை படுக்கை வசத்தில்.

மேல்சுமை என்று மணலைக் குவிப்பது ஏன்? எவ்வளவு உயரம்?

பட்டை வழியை மட்டும்தான் தரும். தண்ணீரைத் தள்ள அழுத்தம் வேண்டும். நாளை அந்த நிலத்தின் மேல் வரப்போகும் எடையைவிடக் கூடுதலாக இன்றே ஏற்றி, அமுங்க வேண்டியதை இப்போதே அமுங்க வைத்துவிடுவதுதான் மேல்சுமை. தளத்தில் சர்சார்ஜ் என்போம். கிடங்கோ கண்டெய்னர் முற்றமோ வரப்போகும் இடத்தில் நான்கைந்து மீட்டர் உயரத்துக்குக் குன்றுபோல மணல் நிற்கும். ஒரேயடியாக ஏற்றக் கூடாது. சேற்றுக்கு அன்றைக்கு இருக்கும் வலிமை எவ்வளவோ அவ்வளவுதான் ஏற்றலாம். வடிந்து வலுத்த பிறகு அடுத்த தட்டு. அவசரப்பட்டு ஏற்றிக் கரையோடு சரிந்து கடலுக்குள் போன இடங்கள் உலகெங்கும் உண்டு.

மணல் இல்லாமல் அழுத்தம் கொடுக்க வழியில்லையா?

உண்டு, காற்றை உறிஞ்சலாம். சேற்றின் மேல் மணல் விரிப்பு போட்டு, அதன் மேல் காற்றுப்புகாத பிளாஸ்டிக் தாளை மூடி, ஓரங்களைச் சகதியில் புதைத்து, உள்ளேயுள்ள காற்றையும் தண்ணீரையும் பம்பால் இழுத்தால் வளிமண்டலமே மேலிருந்து அழுத்தும். நடைமுறையில் 80 கிலோபாஸ்கல் வரை கிடைக்கும், அதாவது நாலரை மீட்டர் மணல் ஏற்றிய கணக்கு. இதுவும் ஷெல்மான் 1952-லேயே சொன்னது. சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் 1980களிலிருந்து தூர்வாரிய சேற்றின் மேல் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். மணல் குன்று வெளிப்பக்கம் தள்ளும், வெற்றிடம் உள்பக்கம் இழுக்கும். அதனால் சரிவு பயம் குறைவு, மென்மையான சேற்றில் இது பெரிய வரம்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பன் துறைமுகத்தில் 4.6 கிலோமீட்டர் கடல்சுவர் கட்டி, உள்ளே பாத்தி பாத்தியாகப் பிரித்து ஆற்றில் தூர்வாரிய சேற்றை நிரப்பினார்கள். அங்கே சில பகுதிகளுக்கு மணல் சுமை, ஓரப் பகுதிகளில் வெற்றிடம் என்று இரண்டையும் கலந்து பயன்படுத்தினார்கள். கரை பக்கத்தில் இருக்கும்போது அதுதான் புத்திசாலித்தனம்.

இதன் பலவீனம் தாள். ஓர் ஓட்டை விழுந்தாலும் அழுத்தம் இறங்கும். இரவெல்லாம் பம்பு ஓட வேண்டும், மின்சாரம் போகக் கூடாது. உள்ளே எங்காவது மணல் அடுக்கு ஓடினால் வெளியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், கடலை இறைக்கிற கதையாகிவிடும்.

நிலம் எவ்வளவு கீழே போகும்?

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ காய்ந்த களிமண்ணோடு 100 கிலோ தண்ணீர் சேர்ந்த சேறு. துகளின் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.65 மடங்கு, ஆக மண் சுமார் 38 லிட்டர், தண்ணீர் 100 லிட்டர், மொத்தம் 138 லிட்டர். வடித்து 60 லிட்டர் தண்ணீராகக் குறைத்தால் மொத்தம் 98 லிட்டர். 10 மீட்டர் சேறு சுமார் 7 மீட்டராகும். மீதி 3 மீட்டர் தண்ணீராகப் போய்விட்டது. நிரப்பும்போதே இதைக் கணக்கில் வைத்து உயரமாக நிரப்பவில்லையென்றால் கடைசியில் நிலம் அலைமட்டத்துக்குக் கீழே நிற்கும்.

போதுமான அளவு இறுகிவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

தரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கத் தளம் முழுக்க அமுங்குதட்டு வைத்து வாரந்தோறும் மட்டம் எடுப்போம். சேற்றுக்குள் வெவ்வேறு ஆழத்தில் பீசோமீட்டர் புதைத்துத் தண்ணீர் அழுத்தம் பார்ப்போம். அப்புறம் கூம்பு முனையை உள்ளே தள்ளி மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளப்போம். இறக்கை வைத்த கம்பியை மண்ணுக்குள் திருகி வலிமையை அளக்கும் இறக்கைச் சோதனையும் செய்வோம். அமுங்கிய அளவுகளை வைத்து மீதி எவ்வளவு அமுங்கும் என்று கணிக்க ஜப்பானின் அசாவோகா 1978-ல் சொன்ன வரைபட முறை எல்லோர் கையிலும் இருக்கிறது. எளிமையானது, ஒரு மாலையில் போட்டுவிடலாம்.

எளிமைதான் அதன் ஆபத்தும். கஞ்சிச் சேற்றில் தரை வேகமாக அமுங்கும், ஆனால் உள்ளே தண்ணீர் அழுத்தம் குறையாமல் நிற்கும். தட்டை மட்டும் பார்த்தால் வேலை முடிந்துவிட்டது போலத் தெரியும், மண்ணோ இன்னும் வலுப்பெற்றிருக்காது. சாங்கி சேற்றுக் குளத்தில் இதை விரிவாகவே பதிவு செய்தார்கள்.

நான் இளைஞனாக வேலை பார்த்த ஒரு தளத்தில் இது நடந்தது. அமுங்கு வளைவு தட்டையாகிவிட்டது. நடுப்பகுதியில் இரண்டு பீசோமீட்டர் மட்டும் அழுத்தம் இறங்கவில்லை என்று காட்டிக்கொண்டே இருந்தன. நிலத்தை ஒப்படைக்கும் தேதி நெருங்கிவிட்டது. கருவி கெட்டிருக்கும் என்று பேசி முடித்து மேல்சுமையை எடுத்துவிட்டோம். இரண்டு மழைக்காலம் போனதும் சரியாக அந்த இடத்தில் முற்றத்தின் தளம் குழிந்து தண்ணீர் தேங்கியது. அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: கருவி கெட்டது என்று சொல்வதற்கு முன் பக்கத்திலேயே இன்னொன்று இறக்கிப் பார்ப்பேன். அதற்கு ஆகும் செலவு, தளத்தை உடைத்துத் திரும்பப் போடும் செலவில் தூசி.

ஒசாகாவின் கான்சாய் விமான நிலையம் இத்தனைக்குப் பிறகும் ஏன் அமுங்குகிறது?

1994-ல் திறந்த அந்தத் தீவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. அங்கே கடலடியில் மேலாக இருந்த 20 மீட்டர் இளங்களிமண்ணில் மணல் வடிகால்களை இறக்கினார்கள். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. கட்டுமானக் காலத்திலேயே அந்த அடுக்கு இறுகி முடிந்துவிட்டது. அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் பழைய களிமண் அடுக்குகள். அவ்வளவு ஆழத்துக்கு வடிகால் இறக்க முடியாது. தீவின் மொத்த எடையும் அங்கே போய் உட்கார்ந்ததும் அது மெதுவாக அமுங்கிக்கொண்டே இருக்கிறது. இது தெரிந்தே முனையக் கட்டடத்தின் தூண்களுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சமன் செய்யும் ஏற்பாட்டோடு கட்டினார்கள். அதனால் அதைத் தோல்வி என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. நாம் போட்ட மண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அந்த மண் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

சிமென்ட் கலந்துவிட்டால் காத்திருக்க வேண்டாமே?

உண்மைதான். 2005-ல் திறந்த ஜப்பானின் சூபு விமான நிலையத் தீவுக்கு நகோயா துறைமுகச் சேறு சுமார் 80 லட்சம் கனமீட்டரைக் குழாய்க்குள்ளேயே காற்றழுத்தத்தில் சிமென்டோடு கலந்து நிரப்பினார்கள். வேகம் வேண்டும், பணம் இருக்கிறது என்றால் நல்ல வழி. சிமென்ட் விலையும் அதைச் சுட எரிக்கும் எரிபொருளும் கணக்கில் வரும்.

எப்படியும் பைல் அடித்துத்தானே கட்டப் போகிறோம்? பின் எதற்கு இதெல்லாம்?

கெட்டி மண்வரை இறக்கும் பைல் என்ற தூண்களின் மேல் கட்டடம் நிற்கும், சரி. சாலை, சாக்கடைக் குழாய், தண்ணீர்க் குழாய், வாசல் படி இதெல்லாம் எதன் மேல் நிற்கும்? மண் மேல். கட்டடம் அப்படியே இருக்க, சுற்றியுள்ள தரை ஒரு முழம் இறங்கினால் குழாய்கள் சுவரோரத்தில் முறியும். அது மட்டுமில்லை. இறுகாத மண் அமுங்கும்போது பைலையும் பிடித்துக் கீழே இழுக்கும். தாங்க வேண்டிய மண்ணே சுமையாகத் தொங்கும்.

வடியும் தண்ணீரும் சேறும் சுத்தமானவையா?

எல்லாத் துறைமுகச் சேறும் ஒன்றில்லை. கப்பல் பட்டறைக்குப் பக்கத்தில் எடுத்ததில் ஈயம், செம்பு, எண்ணெய் எல்லாம் இருக்கலாம். எடுப்பதற்கு முன்பே சோதிக்க வேண்டும். நஞ்சுள்ள சேற்றை வடிதுணியில் தைத்த நீண்ட பைகளில் அடைத்து, திரளவைக்கும் மருந்து சேர்த்து, வடியும் தண்ணீரைப் பிடித்துச் சுத்தம் செய்த பிறகே வெளியே விடலாம். கந்தகம் உள்ள கடற்களிமண் காற்றுப்பட்டால் அமிலமாகும்; பக்கத்து ஓடையில் மீன் செத்து மிதக்கும்.

சோதித்து நல்லதென்று தெரிந்த நன்னீர் வண்டலைக் கட்டட நிலத்தில் வீணாக்க வேண்டாம் என்பேன். தமிழ்நாட்டில் ஏரி தூர்வாரும் வண்டலை உழவர்கள் அனுமதி வாங்கி வயலுக்கு அடிக்கிறார்களே, அதுதான் அதற்கு ஏற்ற இடம்.

ஊரில் சதுப்பை, ஏரியைத் தூர்த்த மனை மலிவாக வருகிறது. வாங்கலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வாங்காதீர்கள் என்றே சொல்வேன். முதல் காரணம் தண்ணீர்: சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி 2015 வெள்ளத்தில் நடந்ததைப் பார்த்தோம், தண்ணீர் தன் இடத்தைத் தேடி வரும். இரண்டாவது காரணம் இந்தப் பக்கம் முழுக்கச் சொன்னது. அப்படி விற்கிற மனைகளில் பெரும்பாலும் உளையின் மேல் கட்டட இடிபாட்டையும் செம்மண்ணையும் கொட்டி ரோலர் ஓட்டியிருப்பார்கள். பட்டையும் இருக்காது, மேல்சுமையும் இருக்காது, அளந்த காகிதமும் இருக்காது. மேலே கல்லு மாதிரி இருக்கும். கீழே உள்ள சேறு இப்போதுதான் வடியத் தொடங்கியிருக்கும். நீங்கள் வீடு கட்டிக் குடியேறிய பிறகும் வடிந்துகொண்டிருக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் வீட்டுப் படம் வரைவதற்கு முன் மண் பரிசோதனை செய்யுங்கள். துளை போடுபவர் ஐந்து மீட்டரில் நிறுத்தப் பார்ப்பார். கெட்டி மண் தட்டும்வரை போகச் சொல்லுங்கள், அருகிலேயே நில்லுங்கள். எடுத்த மண்ணை விரலால் அழுத்திப் பாருங்கள். கட்டை விரல் தாராளமாக உள்ளே போனால் அந்த அறிக்கையை ஒரு நல்ல மண் பொறியாளரிடம் காட்டாமல் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம்.

வேலை முடிந்தபின் அந்த மணல் குன்று என்ன ஆகும்?

அதை அப்படியே அடுத்த பாத்திக்குத் தள்ளுவோம். தளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்று இறுகி முடிந்ததும் அதே மணலை அடுத்ததன் மேல் ஏற்றி, அது முடிந்ததும் இன்னொன்றுக்கு என்று உருட்டிக்கொண்டே போவோம். மணல் விலைக்கு அதுதான் கட்டும். குன்றை எடுத்ததும் தரை சில சென்டிமீட்டர் மேலே எழும்பும். பயப்பட வேண்டாம், சுமை இறங்கிய மண் கொஞ்சம் நிமிர்கிறது, அவ்வளவுதான். அமுங்குதட்டை மட்டும் உடனே பிடுங்கிவிடாதீர்கள். இன்னும் சில மாதம் மட்டம் எடுக்க வேண்டும்.